உள்ளூர்க்காரனுக்கு முதல் பங்கு சரிதான், ஆனா அந்த பின்வாசல் எதுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க ஞாயிறு பக்கத்துல அமெரிக்காவுல மான் வேட்டை பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. படிச்ச அன்னிக்கே எழுதணும்னு நினைச்சேன், ஆபீஸ் வேலையில இன்னிக்குத்தான் உக்கார முடிஞ்சுது. கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, படங்களும் அருமை. ஆனா கடைசியில, ஒரே நாட்டுக்குள்ள பக்கத்து மாநிலத்துக்காரன்கிட்ட பத்து மடங்கு காசு வாங்கிட்டு அவனுக்கு பத்து சதவீதம் டேக் மட்டும் கொடுக்கறது பகல் கொள்ளைன்னு முடிச்சிருந்தீங்க, அங்கதான் எனக்கு ஒத்து வரல. நான் முதல்ல டெக்சாஸ்ல இருந்தவன், இப்போ கொலராடோ. வெளியூர்க்காரனா முழு ரேட்டும் கட்டியிருக்கேன், இப்போ உள்ளூர்க்காரனா சல்லிசா வாங்குறேன். கொள்ளை நடக்கலன்னு நான் சொல்ல வரல, நீங்க கை காட்டின இடத்துல நடக்கல, அவ்வளவுதான்.

நம்ம ஊர்ல 1972 சட்டத்துக்கு அப்புறம் வேட்டைன்னாலே ஜெயில்தான், அதனால படிக்கறவங்க நிறைய பேருக்கு டேக்னா என்னன்னே தெரியாது. லைசன்ஸ் மாதிரிதான், ஆனா ஒரு டேக்குக்கு ஒரு மிருகம். என்ன இனம், ஆணா பெண்ணா, எந்த யூனிட் (வேட்டைக்குன்னு பிரிச்சு வெச்சிருக்கற பகுதி), எந்த தேதியிலேர்ந்து எந்த தேதி வரைக்கும், துப்பாக்கியா வில்லா, எல்லாம் அந்த பேப்பர்லயே அச்சடிச்சிருக்கும். மிருகம் விழுந்த உடனே டேக்குல கையெழுத்தும் தேதியும் போட்டு கிழிச்சு உடம்போட சேத்து கட்டணும், ஆணா பெண்ணான்னு காட்டற அடையாளத்தை அறுத்து எடுத்துடக் கூடாது, தின்னக்கூடிய கறியை காட்டுல போட்டுட்டு வந்தா கேஸ். துப்பாக்கி சீசன்ல உடம்புல 500 சதுர இன்ச்சுக்கு பளீர்னு ஆரஞ்சு இல்லன்னா பிங்க் துணி தெரியணும். 1949லயோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்க ஹன்டர் எஜுகேஷன் கிளாஸ் முடிச்சிருக்கணும். இஷ்டத்துக்கு சுட்டுட்டு வர்ற விஷயம் இல்ல இது. (எச்1பி விசாவுல இருக்கற நம்ம பசங்க கொஞ்ச பேர் வேட்டைக்கே போகாம லைசன்ஸ் மட்டும் எடுத்து வெச்சிருப்பாங்க, ஏன்னா அந்த மாதிரி விசாவுல இருக்கறவங்க துப்பாக்கி வெச்சுக்க ஃபெடரல் சட்டத்துல இருக்கற விதிவிலக்குல ஒண்ணு வேட்டை லைசன்ஸ். அது தனிக்கதை.)

இப்போ ஏன் எல்லாருக்கும் டேக் கிடைக்காது? கொலராடோவுல எல்க் கிட்டத்தட்ட 3 லட்சம் இருக்கு, வேற எந்த மாநிலத்துலயும் அவ்வளவு கிடையாது. எல்க்கை நம்ம கடமானோட அமெரிக்க சொந்தக்காரன்னு வெச்சுக்கங்க, நல்லா வளர்ந்த ஆண் 300 கிலோவுக்கு மேல வரும். அப்படி இருந்தும் நல்ல யூனிட்டுக்கெல்லாம் குலுக்கல்தான், டிரான்னு சொல்வாங்க. ஏப்ரல்ல அப்ளை பண்ணணும், கிடைக்கலன்னா ஒரு பாயிண்ட் சேரும், அடுத்த வருஷம் பாயிண்ட் அதிகம் இருக்கறவனுக்கு முதல்ல. சில யூனிட்டுக்கு 20 பாயிண்டுக்கு மேல வேணும், அதாவது புள்ளை பொறந்தப்போ அப்ளை பண்ண ஆரம்பிச்சா அது காலேஜ் போறப்போ டேக் வரலாம். மூஸ்ங்கற ராட்சச மான், பிக்ஹார்ன்ங்கற காட்டுச் செம்மறி இதெல்லாம் இன்னும் மோசம், வாழ்நாள்ல ஒரு தடவை கிடைச்சா அதிர்ஷ்டம்.

இந்த குறைஞ்ச டேக்கை பங்கு போடறதுலதான் சண்டையே. நியூ மெக்சிகோ 84 சதவீதத்தை சொந்த மக்களுக்குன்னு சட்டத்துலயே எழுதி வெச்சிருக்கு. அரிசோனா வெளியூர்க்காரனுக்கு 10 சதவீதத்துக்கு மேல கிடையாதுங்குது. மொன்டானாவுல ஸ்பெஷல் பெர்மிட்டுக்கு அதே 10. வயோமிங்ல மூஸுக்கு 80-20ன்னும் பிக்ஹார்னுக்கு 75-25ன்னும் இருந்ததை 2022ல சட்டம் போட்டு 90-10 ஆக்கிட்டாங்க. கொலராடோ கொஞ்சம் தாராளம், ஆனா 2025லேர்ந்து மேற்குப் பக்க மலைகள்ல வில் வேட்டைக்கு வெளியூர்க்காரன் முன்ன மாதிரி கடைக்கு போய் நேரா டேக் வாங்க முடியாது, டிராவுக்குத்தான் போகணும், உள்ளூர்க்காரன் இப்பவும் கடையில வாங்கிக்கலாம். செப்டம்பர் மாசம் அந்த மலைப்பாதை தொடக்கத்துல வண்டி நிறுத்த இடம் இல்லாம ரோட்டோரமா டெக்சாஸ், மினசோட்டா, விஸ்கான்சின் நம்பர் பிளேட்டா வரிசை கட்டி நின்னதைப் பாத்தவங்களுக்கு இது ஏன்னு சொல்ல வேண்டாம்.

இதுல என்ன அநியாயம்? நம்ம எம்பிபிஎஸ் சீட்டை எடுத்துக்கங்க. கவர்மென்ட் காலேஜ்ல 15 சதவீதம் ஆல் இந்தியா கோட்டா, மிச்சம் 85 அந்தந்த மாநிலத்துப் பிள்ளைங்களுக்கு. பீகார்லேர்ந்து ஒருத்தர் வந்து எனக்கு ஏன் 85ல பங்கு இல்லன்னு கேட்டா நம்ம பதில் என்னவா இருக்கும்? காலேஜ் எங்க வரியில கட்டினது சாமி, அவ்வளவுதான். இங்கயும் அதேதான். குளிர்காலத்துல எல்க் கூட்டம் கீழ இறங்கி வந்து வைக்கோல் போரைத் தின்னுட்டு வேலியையும் உடைச்சுட்டுப் போறது வயோமிங் விவசாயியோடது, ராத்திரி ஹைவேல மோதி கார் நசுங்கறதும் அந்த ஊர்க்காரனுக்குத்தான்.

கட்டுரையில ஒரு வரி தப்பாவே இருந்துச்சு, அதைத் திருத்திடுங்க. மேற்கு மாநிலங்கள்ல பாதி நிலம் ஃபெடரல் நிலம், அதனால அங்க இருக்கற மிருகமும் எல்லா அமெரிக்கர்களுக்கும் சொந்தம்னு போட்டிருந்தீங்க. நிலம் சரி. நெவாடால கிட்டத்தட்ட 80 சதவீதம், வயோமிங்ல பாதிக்கு கொஞ்சம் கம்மி, மத்திய அரசோடதுதான். நியூயார்க்ல இருக்கறவனும் அங்க வந்து நடக்கலாம், டென்ட் போடலாம், படம் எடுக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா அந்த நிலத்து மேல நடக்கற எல்க்கோட கணக்கை பாக்கறதும், எத்தனை சுடலாம், யார் சுடலாம்னு முடிவு பண்றதும் மாநிலம்தான். தரை ஒருத்தர் பொறுப்பு, மான் இன்னொருத்தர் பொறுப்பு. இது புதுசா வந்த ஏற்பாடும் இல்ல.

கோர்ட்டுக்கும் போய் பாத்தாச்சு. 1970கள்ல மொன்டானாவுல உள்ளூர்க்காரனுக்கு எல்க் லைசன்ஸ் 9 டாலர், வெளியூர்க்காரன் மொத்தமா ஒரு காம்பினேஷன் லைசன்ஸ்தான் வாங்கணும், அது 225 டாலர். பால்ட்வின்னு மொன்டானாவுல வேட்டை கைடு தொழில் பண்ணவரும் மினசோட்டாக்காரங்க சில பேரும் சேந்து கேஸ் போட்டாங்க, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 1978ல தீர்ப்பு, ஆறுக்கு மூணு. பொழுதுபோக்கு வேட்டை அடிப்படை உரிமை கிடையாது, மாநிலம் வித்தியாசமா ரேட் போட்டுக்கலாம்னு சொல்லிட்டாங்க. அதோட முடிஞ்சுதான்னா இல்ல. அரிசோனாவோட 10 சதவீத கட்டுப்பாட்டை எதிர்த்து தொழில்முறை வேட்டைக்காரங்க போன கேஸ்ல 2002ல ஒன்பதாவது சர்க்யூட் கோர்ட் (சுப்ரீம் கோர்ட்டுக்கு அடுத்த படியில இருக்கற ஃபெடரல் அப்பீல் கோர்ட்) வேற பக்கம் திரும்பிச்சு. மாநிலங்களுக்கு நடுவுல நடக்கற வியாபாரத்தை இந்த கட்டுப்பாடு பாதிக்குது, அரிசோனா இதுக்கு கெட்டியா காரணம் காட்டணும்னுச்சு, 2004ல கீழ் கோர்ட் அந்த கட்டுப்பாட்டையே தூக்கிடுச்சு. மேற்கு மாநிலங்கள் எல்லாம் ஆடிப் போயிட்டாங்க.

அதுக்கப்புறம் நடந்ததுதான் நம்ம ஆளுங்க தெரிஞ்சுக்க வேண்டியது. நெவாடா செனட்டர் ஹாரி ரீட் ஒரு மசோதா கொண்டு வந்தாரு, உள்ளூர்க்காரன் வெளியூர்க்காரன்னு பிரிச்சு லைசன்ஸ் கொடுக்கறது மாநிலத்தோட உரிமைன்னு. அது தனியா நகராதுன்னு, 2005 மே மாசம் கட்டாயம் பாஸ் ஆகியே தீர வேண்டிய ஒரு பெரிய நிதிச் சட்டத்துக்குள்ள சொருகிட்டாங்க. அது எந்தச் சட்டம் தெரியுமா? ஈராக் போர் செலவு, அதோட 2004 சுனாமி நிவாரணம், பேர்லயே சுனாமி ரிலீஃப்னு இருக்கும். நாகப்பட்டினத்தையும் கடலூரையும் அடிச்சுட்டுப் போன அதே சுனாமிதான். இப்போ ஏர்போர்ட்ல எல்லாரும் புலம்பறீங்களே ரியல் ஐடிங்கற அடையாள அட்டை விதி, அதுவும் அதே சட்டத்துக்குள்ளதான் வந்துச்சு. சுனாமி நிவாரணத்துக்குள்ள மான் டேக்கு, அமெரிக்க பார்லிமென்ட் லட்சணம் இதுதான். எப்படியோ, அன்னிலேர்ந்து பங்கு விஷயத்துல மாநிலத்துக்குத்தான் கடைசி வார்த்தை.

ரேட் விஷயத்துக்கு வர்றேன். வயோமிங்ல உள்ளூர்க்காரனுக்கு எல்க் லைசன்ஸ் 57 டாலர், வெளியூர்க்காரனுக்கு 692. பன்னெண்டு மடங்கு. நான் டெக்சாஸ்ல இருந்தப்போ இந்த மாதிரி ரேட்டைப் பாத்து வயிறு எரிஞ்சதென்னவோ உண்மைதான், டெக்சாஸ்ல 95 சதவீதம் தனியார் நிலம், காசு கொடுக்காம காட்டுக்குள்ள காலே வைக்க முடியாது, அதனாலதான் டெக்சாஸ்காரன் எல்லாம் வருஷா வருஷம் வண்டியை எடுத்துட்டு நியூ மெக்சிகோவுக்கும் கொலராடோவுக்கும் ஓடி வர்றான். இந்த மாநிலங்கள்ல வனவிலங்கு துறையோட லைசன்ஸ் வருமானத்துல பெரும்பகுதி வெளியூர்க்காரன் பாக்கெட்லேர்ந்துதான் வருது. அதனால உள்ளூர்க்காரங்க பங்கை ஏத்திக்கறது நியாயம், ஆனா பங்கை ஏத்திட்டு தங்களோட ரேட்டை மட்டும் தொடாம விடறது நியாயம் இல்ல. எங்க கொலராடோவுலயும் உள்ளூர் ரேட்டை ஏத்தணும்னு நான் வெளிப்படையா சொல்றேன், கூட வேட்டைக்கு வர்றவங்க என்னைத் திட்டுவாங்க, பரவாயில்ல. துப்பாக்கி, தோட்டாவுக்கு 1937 சட்டப்படி போடற 10, 11 சதவீத வரியும் ஊர் பாத்து வாங்கறதில்ல, எல்லாரும்தான் கட்டறாங்க, அந்தக் காசும் மாநிலங்களுக்கு வனவிலங்கு வேலைக்குத்தான் போகுது.

சரி, கொள்ளை எங்கன்னு சொல்றேன். மேல எம்பிபிஎஸ் கோட்டா சொன்னேன் இல்லையா, அதுல மேனேஜ்மென்ட் கோட்டாவை நான் இன்னும் சொல்லல.

நியூ மெக்சிகோவுல 84 போக மிச்சம் 16 இருக்கு. அதுல 10 சதவீதம் அவுட்ஃபிட்டர் கூட ஒப்பந்தம் போட்டவங்களுக்கு, அதாவது கைடு, டென்ட், குதிரை, சாப்பாடுன்னு பேக்கேஜா விக்கற கம்பெனிக்கு ஆயிரக்கணக்குல காசு கட்டினவங்களுக்கு. வெறும் கையோட சொந்தமா வர்ற வெளியூர்க்காரனுக்கு 6 சதவீதம். இது போதாதுன்னு நிலம் வெச்சிருக்கறவங்களுக்கு தனியா எல்க் அனுமதி கொடுக்கறாங்க, அவங்க அதை யாருக்கு வேணா என்ன விலைக்கு வேணா வித்துக்கலாம். அதுல சில அனுமதி அந்த யூனிட் முழுக்க செல்லும், பொது நிலத்துலயும் போய் சுடலாம். ஆக டிராவுல வருஷக்கணக்கா தோத்துட்டே இருக்கற சான்டா ஃபே பள்ளிக்கூட வாத்தியார் நடக்கற அதே மலையில, டிராவே போடாம அனுமதியை விலைக்கு வாங்கின ஒரு கோடீஸ்வரனும் நடப்பான். அவன் வெளியூர்க்காரனாத்தான் பெரும்பாலும் இருப்பான். அப்போ 84ங்கற நம்பருக்கு என்ன அர்த்தம்? எங்க கொலராடோவும் ஒண்ணும் உத்தமம் இல்ல, இங்கயும் நிலக்காரங்களுக்கு தனி ஒதுக்கீடு, வவுச்சரா கை மாத்திக்கலாம். நிலக்காரன் எல்க்குக்கு தீனி போடறான், அவனுக்கு ஏதாவது செய்யணும்ங்கறது வாஸ்தவம்தான். அவன் குடும்பம் சுடறதுக்கு கொடுங்க, பயிர் சேதத்துக்கு காசு கொடுங்க, ஆனா பொது மிருகத்தோட டேக்கை சந்தையில விக்க விடாதீங்க.

வயோமிங் வேற வழி கண்டுபிடிச்சிருக்கு. வெளியூர்க்காரனுக்குன்னு இருக்கற எல்க் டேக்குலயே 40 சதவீதத்தை ஸ்பெஷல்னு தனியா பிரிச்சு 1,950 டாலர்னு ரேட் போட்டிருக்காங்க. அதே டேக், அதே யூனிட், அதே மான்தான். காசு அதிகம்ங்கறதால அந்த வரிசையில ஆள் கம்மி, கிடைக்கற வாய்ப்பு அதிகம். நம்ம கோயில்ல இருக்கற ஸ்பெஷல் தரிசனத்தை யாரோ போய் சொல்லிக் கொடுத்துட்டாங்க போல. அதுக்கு மேல ஒண்ணு, வில்டர்னஸ்னு ஃபெடரல் அரசு அறிவிச்ச காடுகளுக்குள்ள பெரிய மிருக வேட்டைக்கு வெளியூர்க்காரன் தனியா போகக் கூடாது, லைசன்ஸ் வாங்கின கைடு இல்லன்னா அந்த மாநிலத்துக்காரன் ஒருத்தன் கூடவே வரணும். பாதுகாப்புக்காகவாம். அதே காட்டுக்குள்ள மீன் பிடிக்கப் போகலாம், பனியில தனியா நடந்து போகலாம், கரடி இருக்கற இடத்துல குடும்பத்தோட டென்ட் அடிச்சுத் தூங்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, கையில ரைஃபிள் ஏறின உடனே மட்டும் நமக்கு வழி மறந்துடுமாம். இதுக்குப் பின்னாடி இருக்கறது கைடு தொழில் பண்றவங்களோட பொழப்பு, வேற ஒண்ணும் இல்ல.

அலாஸ்காவுலயும் கைடு சட்டம் இருக்கு, பிரவுன் கரடி, டால் ஷீப்ங்கற வெள்ளைக் காட்டுச் செம்மறி, மலை ஆடு மூணுக்கும் வெளியூர்க்காரனுக்கு கைடு கட்டாயம், இல்லன்னா அலாஸ்காவுல குடியிருக்கற நெருங்கின சொந்தம் கூட வரணும். சொந்தம்னா யாருன்னு பட்டியலே இருக்கு: அப்பா, அம்மா, பிள்ளைங்க, அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி, தாத்தா பாட்டி, மாமனார், மச்சான் எல்லாம் சரி. சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமன் செல்லாது. நம்ம ஊர்ல தாய்மாமன் இல்லாம காது குத்து கூட நடக்காது, அங்க கரடி சுட அவரு உதவ மாட்டாரு. அமெரிக்க குடிமகனும் இல்ல, அலாஸ்காவாசியும் இல்லன்னா எந்த பெரிய மிருகத்துக்கும் கைடு வேணும், அந்த செலவைக் கேட்டா இங்க இருக்கற நம்ம பசங்க பாதிப் பேர் துப்பாக்கியை வித்துடுவாங்க. ஆனாலும் அந்த ஊர் பாறையும் பனியும் கரடியும் நிஜமாவே ஆளைக் கொல்லும்ங்கறதால அதை நான் வயோமிங் அளவுக்கு குறை சொல்ல மாட்டேன்.

ஏலத்துல ஒண்ணு ரெண்டு பிக்ஹார்ன் டேக் லட்சக்கணக்கான டாலருக்கு போறதை சிலர் பெரிய அநியாயமா பேசறாங்க, எனக்கு அதுல கோபம் இல்ல. எண்ணிக்கை ரொம்ப கம்மி, அந்தக் காசு அந்த ஆடுகளுக்கே வேலை செய்யப் போகுது, எல்லார் கண்ணுக்கு முன்னாடியும் நடக்குது.

உள்ளூர், வெளியூர்னு ரெண்டா பிரிச்சுப் பாத்தா ஏன் சரியா வராதுங்கறதுக்கு வயோமிங்லயே ஒரு கேஸ் இருக்கு. அங்க கார்பன் கவுன்டியில எல்க் மவுன்டன்னு ஒரு மலை. ரயில்வே போட்ட காலத்துல நிலத்தை செஸ் போர்டு மாதிரி கட்டம் கட்டமா பிரிச்சு ஒண்ணு விட்டு ஒண்ணு ரயில் கம்பெனிக்கு கொடுத்ததால, இன்னிக்கும் அங்க ஒரு கட்டம் தனியார், அடுத்தது பொது நிலம், ஒரு பொதுக் கட்டமும் இன்னொரு பொதுக் கட்டமும் மூலையில மட்டும்தான் தொடும். மிசோரியிலேர்ந்து வந்த நாலு வேட்டைக்காரங்க 2021ல ஒரு இரும்பு ஏணியை செஞ்சு எடுத்துட்டு வந்து, அந்த மூலையில நட்டிருந்த கம்பங்களுக்கு மேல ஏணியை ரெண்டு பக்கமும் நிக்கற மாதிரி வெச்சு, ஒரு பொதுக் கட்டத்துலேர்ந்து ஏறி இன்னொரு பொதுக் கட்டத்துல இறங்கினாங்க. தனியார் நிலத்துல காலே படல, ஆனா மேல இருக்கற காத்து எங்களுதுன்னு கேஸ். அந்த பண்ணைக்குச் சொந்தக்காரரு வட கரோலைனாவைச் சேந்த மருந்து கம்பெனி தொழிலதிபர், அவரும் வெளியூர்தான்! லட்சக்கணக்குல நஷ்டஈடு கேட்டாரு. 2022ல உள்ளூர் ஜூரி அவங்க குத்தவாளி இல்லன்னுச்சு, 2025 மார்ச்ல பத்தாவது சர்க்யூட் கோர்ட் 1885 சட்டம் ஒண்ணைக் காட்டி பொது நிலத்துக்குப் போற வழியை அடைக்க முடியாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு, அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் அந்த கேஸை எடுக்கவே இல்ல. இந்த வழக்குக்கு காசு திரட்டிக் கொடுத்ததுல வயோமிங் உள்ளூர் வேட்டைக்காரங்க முன்னாடி நின்னாங்க. ஏணி தூக்கிட்டு வந்தவனும் வெளியூர், வழியை அடைச்சவனும் வெளியூர், உள்ளூர்க்காரன் எந்த வெளியூர்க்காரன் பக்கம் நின்னான் பாருங்க.

அதனால உங்க கட்டுரையாளர் அடுத்த தடவை எழுதும்போது 10 சதவீதத்தை விட்டுட்டு, அந்த 10 யார் கையில போய் சேருதுன்னு எழுதச் சொல்லுங்க. வெளியூர்க்காரனுக்கு பத்தோ பதினைஞ்சோ கொடுங்க, ஆனா எல்லாமே ஒரே டிராவுல, ஒரே ரேட்டுல, அவுட்ஃபிட்டருக்குன்னு தனி வரிசை இல்லாம கொடுங்கன்னுதான் நான் கேக்கறேன், டெக்சாஸ்ல இருந்தப்பவும் இதைத்தான் கேட்டேன்.

கடைசியா, வேலை மாறி புதுசா இந்தப் பக்கம் வர்ற தம்பிகளுக்கு ஒண்ணு. டிரைவிங் லைசன்ஸ் மாத்தின உடனே ரெசிடென்ட் ரேட்டுல அப்ளை பண்ணிடாதீங்க. நியூ மெக்சிகோவுக்கு 90 நாள், மொன்டானாவுக்கு 180 நாள், கொலராடோவுக்கு ஆறு மாசம், வயோமிங்குக்கும் அலாஸ்காவுக்கும் முழுசா ஒரு வருஷம் குடியிருக்கணும். வேற மாநிலத்துல வீட்டை வெச்சுட்டு இங்க அட்ரஸ் மட்டும் காட்டி டேக் வாங்கினா அது கிரிமினல் கேஸ், அபராதத்தோட லைசன்ஸ் உரிமையும் போகும், மாநிலங்களுக்குள்ள ஒப்பந்தம் இருக்கறதால ஒரு இடத்துல போனா மத்த இடத்துலயும் போகும். கிரீன் கார்டுக்கு வரிசையில நிக்கறவங்க இந்த மாதிரி வம்புல மாட்டவே கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஃபோர்ட் காலின்ஸ், கொலராடோ